மோமோ கடைக்கும் சந்தா ரசீது போடுங்கள்: எங்கள் தெரு வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், மாதாமாதம் சந்தா கட்டும் எல்லாக் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

போன கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தீர்கள். நம் தெருவில் கட்டடம் வைத்திருப்பவர்கள் வெளி மாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் இனி கடை வாடகைக்கு விடக் கூடாது என்று சங்கத்தின் பெயரால் கேட்டுக்கொள்வதாக. அந்தத் தாள் டீக்கடைச் சுவரிலும் மெடிக்கல் ஷாப் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கிறது. அதில் யார் பெயரும் இல்லை, தேவையும் இல்லை. அடகுக் கடை சேட்டுக்குக் கட்டடம் சொந்தம், அவர் தாத்தா காலத்திலிருந்து இங்கே இருக்கிறார், விழாவுக்கு விழா நன்கொடையும் தருகிறார். அவரை யாரும் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். வாடகைக்கு இருக்கிற வெளியாள் நம் தெருவில் ஒருவர்தான். நேபாளத்திலிருந்து வந்து மோமோ கடை போட்டிருக்கும் தம்பி. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் தம்பி என்றே எழுதுகிறேன்.

எதிர்க் கடை என்னுடையது. பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன்; உங்களில் பாதிப் பேர் வீட்டுக்கு அளவு எடுத்தவள். கூட்டத்தில் பேச எழுந்தபோது 'பெரிய அடிதடி எதுவும் நடக்கலியே, இதெல்லாம் ஒரு மேட்டரா' என்று உட்கார வைத்தீர்கள். அதனால் எழுதுகிறேன்.

சரி, அடிதடி இல்லைதான். என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். என் மிஷின் வாசலைப் பார்த்துப் போட்டிருக்கிறது, தலையை நிமிர்த்தினால் அவர் கடை. சாயங்காலம் ஸ்டீமரில் ஆவி கிளம்பியதும் பையன்கள் வருவார்கள். நிறையப் பேர் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். சிலர் வரும்போதே கண்ணோரத்தை இரண்டு விரலால் இழுத்துக் காட்டிக்கொண்டு வருவார்கள். 'டேய் சைனா, ஒரு பிளேட்டு.' 'ஜாக்கி சான், சட்னி ஊத்து.' அவருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். டேய் போடுகிறவன் பிளஸ் டூ. எட்டு மோமோவையும் தின்றுவிட்டு 'ஆறுதான் இருந்துச்சு' என்பான் ஒருவன். போன வாரம் அனுப்பிய பணத்தின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நடையைக் கட்டுவான் இன்னொருவன். அதற்காகவே தம்பி ஒரு சவுண்ட் பாக்ஸ் வாங்கி வைத்தார். இப்போது பெட்டி வாய் திறக்காவிட்டால் 'உன் பொட்டி ரிப்பேருடா' என்கிறார்கள்.

பெரியவர்கள் வேறு மாதிரி. அவர் 'எழுபது ரூபாண்ணா' என்று தமிழில் விலை சொல்வார், இவர்கள் 'கித்னா, கித்னா' என்று இந்தியில் விலை கேட்டுச் சிரிப்பார்கள். அவர் மகள் மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறாள். என் கடைப் படியில் உட்கார்ந்து குறள் ஒப்பிப்பாள், நம் பிள்ளைகளைப் போலவே 'இன்னா ஆண்ட்டி' என்றுதான் பேச்சை ஆரம்பிப்பாள். அவளுக்குத் தெருவில் பெயர் மோமோ. 2020இல் கொரோனா என்று கூப்பிட்டார்கள் அப்பனை. அப்போது நாடு முழுக்க வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகளை இப்படிக் கூப்பிட்டுத் துரத்தியதால், நடவடிக்கை எடுக்கச் சொல்லி உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது.

தம்பி இதற்கெல்லாம் சிரிப்பார். அதைப் பார்த்துவிட்டுத்தான் 'அவனே ஜாலியா எடுத்துக்கிறான், உனக்கு இன்னாக்கா' என்றீர்கள். நீங்கள் எல்லோரும் கல்லாவில் உட்காருகிறவர்கள். வாடிக்கையாளர் முகத்துக்கு நேராகச் சிரிப்பதும், ஷட்டரை இறக்கிய பிறகு வரும் கோபமும் உங்களுக்குத் தெரியாதா? அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னால் 'பொழைக்க வந்த இடத்துல திமிரா' என்பார்கள். மறுநாள் கடை ஓடாது, அடுத்த மாதம் கடையே இருக்காது. அதே வார்த்தையை இஸ்திரிக் கடை அண்ணன் சொன்னால் பையன் 'சரிணா' என்று தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவான். தம்பிக்குப் பிழைப்பையே காவு கேட்கும் ஒரு வாக்கியம் நமக்குச் சும்மா கிடைக்கிறது. சங்கத்திடம் நான் கேட்பது அந்த வாக்கியத்தைத்தான். நீங்களோ தாள் ஒட்டியிருக்கிறீர்கள்.

தாள் எதற்கு வந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சனிக்கிழமை ராத்திரி நாலு பையன்கள் சாப்பிட்டுவிட்டுக் காசு தராமல் கிளம்ப, தம்பி கை நீட்டி மறித்துக் கேட்டார். ஒருவன் சட்னிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டான், சூடான சட்னி அவர் மனைவியின் முழங்கையில் கொட்டியது. இன்னொருவன் போனோடு உள்ளே புகுந்து பாத்திரத்தில் இருந்த கொத்துக்கறியைப் படம் பிடித்தான். 'மச்சி, நாய்க்கறி பாரு.' ராத்திரியே அது ஸ்டேட்டஸ் ஆனது. காலையில் சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தது, 'உண்மையா?' என்ற ஒற்றைக் கேள்வியோடு. மத்தியானம் நம் நிர்வாகிகள் இருவர் கடைக்குப் போனார்கள். விசாரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு வாரம் கடையை மூடி வை, தானாக அடங்கிவிடும் என்று தம்பிக்குச் சொல்லிவிட்டு வந்தார்கள். கையில் பர்னால் தடவிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணிடம் என்ன ஆச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கறி தெருமுனைக் கறிக்கடை பாயிடம் வாங்கிய கோழி. தினமும் காலையில் எலும்பு நீக்கிக் கொத்தித் தருகிறவர் அவர்தான், நோட்டில் கணக்கு இருக்கிறது. பாய் நம் சங்கத்தில் பழைய உறுப்பினர். நான் போய்ச் சொன்னதும் முதலில் சிரித்தார், அப்புறம் முகம் மாறிவிட்டது. 'அப்ப என் கறியைத்தான் நாய்க்கறின்னு சொல்றானுங்களா?' குரூப்பில் 'உண்மையா?' என்று கேட்டவர் பத்துக் கடை தள்ளி நடந்து பாயைக் கேட்டிருந்தால் அன்றைக்கே பதில் கிடைத்திருக்கும்.

நாய்க்கறிக் கதை நமக்குப் புதிதும் இல்லை. 2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து எழும்பூர் ஸ்டேஷனுக்கு வந்து இறங்கிய இறைச்சியைப் பிடித்தபோது, வால் நீளமாக இருக்கிறது, நாய்தான் என்று ஊரே சொன்னது. பிரியாணிக் கடைகளில் கூட்டம் குறைந்தது. கால்நடை மருத்துவக் கல்லூரி சோதித்துப் பார்த்தால் ஆட்டுக்கறி. நம் தெரு பிரியாணி அண்ணன் அந்த வாரம் பட்ட பாட்டை அவரே சொல்வார், கேளுங்கள். இன்னொன்றும் நினைவிருக்கும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் வடக்கே பரவின. நமக்கு எவ்வளவு ரோஷம் வந்தது! பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது, பரப்பியவர்கள் மேல் நம் போலீஸ் வழக்குப் போட்டது. சரியாகத்தான் செய்தார்கள். நம்மைப் பற்றி வந்த பொய் வீடியோவுக்கு வழக்கு. தம்பியைப் பற்றி வந்த பொய் வீடியோவுக்குக் கடையை மூடு என்று புத்திமதி. இது எந்த ஊர் நியாயம் அண்ணே?

கூட்டத்தில் சொன்ன மற்றக் காரணங்களுக்கும் வருகிறேன். 'பாஸ்போர்ட் இருக்கா, விசா இருக்கா, யார் இவன்' என்று ஒருவர் கேட்டார். நேபாளத்தவர் இந்தியாவுக்கு வர விசா வேண்டாம். 1950இல் இரு நாடும் செய்துகொண்ட அமைதி, நட்புறவு ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவில், தங்குவது, சொத்து வைத்திருப்பது, வியாபாரம் செய்வது, நடமாடுவது எல்லாவற்றிலும் ஒரு நாட்டவருக்கு மற்ற நாட்டில் ஒரே மாதிரியான சலுகைகளை இரு நாடும் பரஸ்பரம் தரும் என்று எழுதியிருக்கிறது. வாடகை ஒப்பந்தம், மாநகராட்சித் தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு மூன்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறார். நம் தெருவில் மூன்றும் சரியாக வைத்திருக்கும் கடை எத்தனை என்று நான் கேட்க ஆரம்பித்தால் நன்றாக இருக்காது. என் கடை உரிமமே இந்த வருடம் புதுப்பிக்கக் கிடக்கிறது.

'நம்ம பசங்க பொழைப்பைப் பறிக்கிறான்' என்பது அடுத்தது. நம் சங்கத்துக் கடைகளில் சிமென்ட் மூட்டை இறக்குவது யார்? ஓட்டலில் பாத்திரம் கழுவுவது, டீ கிளாஸ் எடுத்துப் போவது, கோழி உரிப்பது யார்? ஒடிசா, பீகார், அசாம் பையன்கள். அவர்களுக்குத் தங்க மாடியில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்திருப்பதும் நாம்தான். அப்போது யார் பிழைப்பும் போகவில்லை. ஒருவன் மூட்டை தூக்கினால் தம்பி, கல்லாவில் உட்கார்ந்துவிட்டால் அந்நியன். ஒரு காலத்தில் ராத்திரியெல்லாம் விசில் ஊதிக்கொண்டு, கழியால் தரையைத் தட்டிக்கொண்டு, நம் கடைப் பூட்டுகளை இழுத்துப் பார்த்துவிட்டுப் போன கூர்க்காவும் நேபாளத்துக்காரர்தான். மாதம் பிறந்தால் சல்யூட் வைத்துக் காசு வாங்கினார். அவரிடம் யாரும் விசா கேட்டதாக ஞாபகம் இல்லை.

ஃபாஸ்ட்ஃபுட் அண்ணனுக்கு வருத்தம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். மோமோ கடை வந்த பிறகு அவருடைய ஃப்ரைடு ரைஸ் முன்போல ஓடவில்லை. உண்மை. ஆனால் அது வியாபாரப் போட்டி. ரெடிமேட் கடை வந்தபோது என் தையல் பாதியாகக் குறைந்தது, அப்போது சங்கம் யாரையும் வெளியேறச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அண்ணனுக்கு உண்மையில் கழுத்தை நெரிப்பது வாடகை. தம்பியிடம் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றி வாங்குகிறார்கள், அவர் எதிர்த்துப் பேசமாட்டார் என்ற தைரியத்தில். அந்தத் தொகையைக் காட்டித்தான் ஃபாஸ்ட்ஃபுட் அண்ணனிடமும் ஏற்றினார்கள், அடுத்து என்னிடம் வருவார்கள். கட்டட உரிமையாளர்களுக்குச் சங்கம் ஒரு தாள் எழுதியே ஆக வேண்டுமென்றால், வாடகையைப் பற்றி எழுதியிருக்கலாம்.

இந்த இடத்தில், வெள்ளத்தின்போது தம்பி எல்லோருக்கும் சாப்பாடு போட்டார், எவ்வளவு நல்லவர் தெரியுமா என்று ஒரு கதை சொன்னால் உங்கள் மனசு இளகும். சொல்லப் போவதில்லை. அவர் சில நாள் சிடுசிடுவென்று இருப்பார், சட்னியில் உப்பு தூக்கலாகப் போடுவார், என் வாசலில் தண்ணீர் ஊற்றிவிட்டுத் துடைக்கமாட்டார். அதற்கெல்லாம் அவரோடு நான் சண்டை போட்டிருக்கிறேன், நாளைக்கும் போடுவேன். தெருவில் மரியாதையாகக் கடை நடத்த ஒருவர் தியாகியாக இருக்க வேண்டுமா? நம்மில் யாரிடமும் அதைக் கேட்டதில்லையே.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். நான் பர்மா வீட்டுப் பெண். ரங்கூனில் என் தாத்தாவுக்குப் பலசரக்குக் கடை. 1962இல் நெ வின் ராணுவ ஆட்சி வந்தது, 1964இல் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள், அதே வருடம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டும் செல்லாது என்றார்கள். கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கி, எங்களைப் போன்ற பல குடும்பங்களோடு வியாசர்பாடியில் குடியேறினார்கள். தமிழர்கள்தான், ஆனால் பேச்சில் பர்மிய வாடை. எங்கள் ஆயா லுங்கி கட்டுவார். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ போட்டு விற்றார்: நூடுல்ஸில் முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு எண்ணெய் விட்டுக் கையாலேயே பிசைவது, கூடக் குடிக்க வாழைத்தண்டு சூப். அதில் என்ன கறி போடுகிறார்களோ என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள் உண்டு. பர்மாக்காரி எச்சிக்கையால பிசையுறா என்று அவர் காதுபடவே சொன்னார்கள். இப்போது அடையாறிலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் பைக்கில் வந்து அத்தோ சாப்பிட்டு வீடியோ எடுத்துப் போடுகிறார்கள், வடசென்னையின் பெருமை என்று. சந்தோஷம்தான். ஆனால் ஆயா அதைப் பார்க்கவில்லை. இத்தனை காலம் காத்திருக்கச் சொல்லி இன்னொரு குடும்பத்தை உட்கார வைக்க எனக்கு மனசில்லை.

பர்மாக் கதை பழசு என்றால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். இன்டர்வியூவில் எந்த ஏரியா என்றால் வியாசர்பாடி என்று சொல்கிறார்களா, பெரம்பூர் பக்கம் என்று சொல்கிறார்களா? வீடு பார்க்கப் போன இடத்தில் ஊர்ப் பெயரைக் கேட்டதும் 'வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்' என்ற பதில் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது? சினிமாவில் வடசென்னை என்றால் கையில் கத்தி கொடுத்துவிடுகிறார்கள். அதற்காக மேடை போட்டுக் கோபப்பட்டவர் நம் தலைவர். அந்தப் பேச்சுக்குக் கை தட்டியவள் நான்.

வெளியூரில் தமிழன் பட்டதும் தெரியாததில்லை. அறுபதுகளின் கடைசியில் பம்பாயில் மதராசிகளின் ஓட்டல்களைத் தாக்கியவர்கள் சொன்னதும், வேலையைப் பறிக்கிறார்கள், திரும்பிப் போகட்டும் என்பதுதான். 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடும் கடையும் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். நம் தெரு அப்படி ஆகிவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு தெருவில் யார் யார் வெளியாள் என்று கணக்கெடுக்கும் வேலையை ஒரு வியாபாரிகள் சங்கம் கையில் எடுக்க வேண்டாம் என்கிறேன்.

சங்கம் என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன். இந்தியாவில் முறையாகத் தொடங்கிய முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று நம் பக்கத்தில்தான் பிறந்தது, பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக, 1918இல். அதற்குத் தலைவராக இருந்த பி.பி. வாடியா பம்பாயிலிருந்து வந்த பார்சி. வெளியாள் என்று யாரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. மூன்று வருடம் கழித்து, 1921 வேலைநிறுத்தத்தில் அதே தொழிலாளர்கள் சாதியால் பிளந்துகொண்டார்கள், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. முதலாளி ஜெயித்தார். இரண்டும் நம் வட்டார வரலாறுதான்.

தாள் ஒட்டிய பிறகு நாங்கள் சில கடைக்காரர்கள் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பெரிதாக ஒன்றும் இல்லை. மோமோ கடையில் குரல் ஏறினால் அவரவர் கடையிலிருந்து இறங்கிப் போய் நிற்பது. அடிக்கவோ திட்டவோ கூடாது, வீடியோ எடுக்கவும் கூடாது. முதல் தடவை அது நடந்த ராத்திரி, பையன் ஒருவன் வழக்கம்போல 'பொட்டி ரிப்பேரு' என்று ஆரம்பித்தான். இஸ்திரிக் கடை அண்ணன் கரிப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தார். பால் பூத் அக்கா வந்தார். பாய் ஏப்ரனோடு வந்து நின்றார், கையில் கத்தி இருப்பதை மறந்துவிட்டார் போல. நான்தான் வாங்கி வைத்தேன். யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இஸ்திரி அண்ணன், 'காசு குடுத்துட்டு போ கண்ணு, அண்ணன்னு கூப்பிட்டுக் குடு' என்றார். பையன் எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். போனை எடுத்தான். பெட்டி பேசியது. 'சாரிணா' என்று சொன்னது தம்பியிடமா இஸ்திரி அண்ணனிடமா என்று தெரியவில்லை, போகட்டும். அதே பையன் இப்போதும் வருகிறான், சாப்பிடுகிறான், தகராறு இல்லை. அவன் ரவுடியும் இல்லை. கண்டிப்பார் இல்லாததால் செய்தான்.

இதை நாலு கடை செய்ய முடிகிறபோது, ஷாமியானா போட்டு ஆண்டு விழா நடத்தும் சங்கத்தால் முடியாதா?

வழக்கு வேண்டாம் என்பது தம்பியின் விருப்பம். மகளின் பள்ளிக்கூடம், வாடகை என்று அவருக்கு ஆயிரம் பயம். ஆனால் நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போக நேர்ந்தால் தனியாகப் போகக் கூடாது, நிர்வாகி ஒருவர் கூடப் போக வேண்டும். வக்கீலிடம் ஜூனியராக இருக்கும் என் அக்கா மகளைக் கேட்டேன். பிறந்த இடம், இனம், மொழியைச் சொல்லிப் பகை மூட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 196ஆம் பிரிவில் வருகிறது என்றாள். சட்டத்தின் முன் சமம் என்பதும் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு என்பதும், அரசியல் சட்டத்தின் 14, 21ஆம் பிரிவுகளில், இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் இல்லை, இந்த மண்ணில் இருக்கும் எல்லா மனிதருக்கும் என்றாள். நம் தாளை அவளிடம் காட்டினேன். 'சித்தி, இதுல சங்கத்து சீல் வேற போட்டிருக்காங்களே' என்று சிரித்தாள். செயலாளர் அவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தாளைக் கிழியுங்கள். இந்த வாரமே. தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் முறைப்படி திரும்பப் பெறுங்கள். தம்பி உறுப்பினர் ஆக வேண்டும் என்று எழுதிக் கொடுத்த மனு பொருளாளரின் மேஜை டிராயரில் கிடக்கிறது. சந்தாப் பணத்தையும் நீட்டியிருக்கிறார், 'பார்க்கலாம்' என்று திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பணத்தை வாங்கி ரசீது போடுங்கள். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும் என்பது விதி. முன்மொழிவது நான், வழிமொழிவது பாய். இரண்டு கையெழுத்தும் இந்த மடலோடு இணைத்திருக்கிறோம்.

கடைசியாக, அந்த வீடியோ. பொய் என்று தெரிந்த பிறகும் குரூப்பில் அது அப்படியே கிடக்கிறது. அழித்துவிட்டால் போதாது, பார்த்தவர்கள் பார்த்தாயிற்று. தலைவர் தன் குரலிலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட வேண்டும்: அது கோழிக்கறி, நம் உறுப்பினரின் கடையில் வாங்கியது, சங்கம் விசாரித்துவிட்டது என்று. அதே குரூப்பில் போடுங்கள். மற்றத் தெருக் குரூப்புகளுக்கு அனுப்பும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எதிர்க் கடைத் தையல்காரி,
வியாசர்பாடி.